குழந்தை சொல்லும் எண்: உடற்பயிற்சியின் கடுமையை அறிய ஓர் எளிய வழி

“மைதானத்தை நான்கு சுற்று ஓடி வாருங்கள்” என்று ஒரு வகுப்பிடம் சொல்கிறோம். கேட்பதற்கு அது ஒரே வேலை. வகுப்பில் 40 பேர் இருந்தால் அது 40 வெவ்வேறு வேலைகள். தினமும் ஐந்து கிலோமீட்டர் மிதிவண்டி மிதித்துப் பள்ளிக்கு வரும் மாணவனுக்கு அது உடம்பைச் சூடாக்கும் ஓட்டம். நேற்றுவரை காய்ச்சலில் படுத்திருந்த மாணவிக்கு அதுவே மலை ஏறுவது போன்றது. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தவர், இரவு சரியாகத் தூங்காதவர், ஆஸ்துமா உள்ளவர், உடல் எடை கூடியவர் என ஒவ்வொருவருக்கும் அந்த நான்கு சுற்று வேறு வேறாகவே இருக்கும்.

சுற்று, தூரம், நேரம் ஆகிய மூன்றும் நாம் கொடுத்த வேலையின் அளவைத்தான் சொல்கின்றன. அந்த வேலை ஒரு குழந்தையின் உடலுக்கு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை அவை சொல்வதில்லை. இதயத்துடிப்பைக் காட்டும் கருவிகளை வகுப்புக்கே வாங்கிக் கட்டிவிட நம் பள்ளிகளில் வழியில்லை. ஆனால் காசில்லாத கருவி ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. அது குழந்தையின் சொந்த உணர்வு. “இப்போ எவ்வளவு சிரமமா இருக்கு? 0-வில் இருந்து 10-க்குள் ஓர் எண் சொல்லு” என்று கேட்டால் போதும்.

உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றும் நான் இந்தக் கேள்வியைச் சில ஆண்டுகளாக 6 முதல் 10 வரையிலான வகுப்புகளில் ஒவ்வொரு பாடவேளையிலும் கேட்டு வருகிறேன். மாணவர்கள் இதைச் ‘சிரம எண்’ என்கிறார்கள். அதைக் கற்பிப்பது எப்படி, அதைக் கொண்டு என்ன செய்யலாம், எங்கே கவனம் தேவை என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அளவுகோல் பிறந்த கதை

ஒருவர் உணரும் உழைப்பை எண்ணால் அளக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் குன்னார் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர். 1960-களில் அவர் உருவாக்கிய அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். 6 என்றால் எந்தச் சிரமமும் இல்லை. 13 என்றால் ஓரளவு கடினம். 20 என்றால் இதற்குமேல் முடியாது. ஏன் 6-இல் தொடங்க வேண்டும்? ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய இதயத்துடிப்பு ஏறத்தாழக் கிடைக்க வேண்டும் என்று அவர் அமைத்தார். ஓய்வில் 60, உச்சத்தில் 200. பின்னர் 1980-களின் தொடக்கத்தில், பத்தை அடிப்படையாகக் கொண்ட இன்னோர் அளவுகோலையும் அவரே தந்தார்.

6-இல் தொடங்கும் அளவுகோல் குழந்தைகளுக்குப் பொருந்தவில்லை. எண்ணிக்கை பழகும் குழந்தைக்கு ‘ஒன்றுமில்லை’ என்பது பூஜ்ஜியம்தான். அது ஆறாக முடியாது. மேலும் குழந்தைகளின் இதயம் ஓய்விலேயே பெரியவர்களைவிட வேகமாகத் துடிப்பதால் பத்தால் பெருக்கும் கணக்கும் ஒத்துவராது. அதனால் 1990-களில் பிரிட்டனில் குழந்தைகளுக்கென 1 முதல் 10 வரையிலான அட்டவணை ஒன்று வந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ராபர்ட்சன் குழுவினர் ‘ஆம்னி’ என்ற பட அளவுகோலை வெளியிட்டனர். ஒரு குழந்தை மிதிவண்டியில் மேட்டில் ஏறுகிறது. அடிவாரத்தில் 0, உச்சியில், மூச்சு வாங்கக் குனிந்து மிதிக்கும் இடத்தில் 10. சொற்களைப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் படம் புரிந்துவிடும். நம் வகுப்பறைக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பாடத்தைத்தான்: அளவுகோல் குழந்தைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து வர வேண்டும்.

ஓர் எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

குழந்தை ‘ஏழு’ என்று சொல்லும்போது அது மனம்போன போக்கில் சொல்லும் எண் அல்ல. மூச்சின் வேகம், நெஞ்சுத் துடிப்பு, தொடையிலும் கெண்டைக்காலிலும் ஏறும் கடுப்பு, தோலின் சூடு, வியர்வை ஆகிய எல்லாவற்றையும் மூளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் விடை அது. நாடித்துடிப்பு இவற்றில் ஒன்றை மட்டும் காட்டும். சிரம எண் எல்லாவற்றின் கூட்டு விளைவையும் காட்டும். எனவேதான் அதே வேகத்தில் ஓடினாலும் வெயில் நாளில் எண் கூடுகிறது. தூக்கம் கெட்ட மறுநாள் கூடுகிறது. காய்ச்சல் வரப்போகும் நாளிலும் கூடுகிறது. உடலுக்குள் நடப்பதற்கு அந்த எண் ஒரு சாளரம்.

‘220-இலிருந்து வயதைக் கழி’ என்ற நாடித்துடிப்புக் கணக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். அது பெரியவர்களுக்கானது. குழந்தைப் பருவத்தில் உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஒன்று எனக் குறைந்துகொண்டு போவதில்லை. ஆறாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பெரும்பாலும் 200-ஐ ஒட்டியே இருக்கும். அந்தக் கணக்கை வைத்துக் குழந்தைகளுக்கு இலக்கு நிர்ணயிப்பதைவிட அவர்களையே கேட்பது பாதுகாப்பானது.

சுவரில் உள்ள எங்கள் அட்டவணை

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயதுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நடுத்தரக் கடுமையிலோ அதற்கு மேலோ உடலியக்கம் பெற வேண்டும். வாரத்தில் குறைந்தது மூன்று நாள்கள் கடுமையான இயக்கமும், தசைகளையும் எலும்புகளையும் வலுப்படுத்தும் இயக்கமும் இருக்க வேண்டும். ‘நடுத்தரம்’, ‘கடுமை’ என்ற சொற்களைக் குழந்தைக்கு எப்படி விளக்குவது? பத்து எண்ணில் 5, 6 நடுத்தரம்; 7, 8 கடுமை என்று கொள்ளலாம். எங்கள் விளையாட்டுப் பொருள் அறையின் வெளிச்சுவரில் எழுதி வைத்திருப்பது இது:

0 – சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

1, 2 – மெதுவாக நடக்கிறேன். பேசலாம், சிரிக்கலாம், பாடலாம்.

3, 4 – வேகமாக நடக்கிறேன் அல்லது மெல்ல ஓடுகிறேன். உடம்பு சூடாகிறது. இன்னும் பாட முடியும்.

5, 6 – மூச்சு வாங்குகிறது. பேச முடியும், பாட முடியாது. இதே வேகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் போக முடியும்.

7, 8 – மூச்சிரைக்கிறது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு எடுக்கிறேன். கால் கடுக்கிறது.

9 – பேச முடியவில்லை. சீக்கிரம் நிற்க வேண்டும்.

10 – இதற்குமேல் ஓர் அடிகூட முடியாது.

பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று பார்ப்பது உலகெங்கும் பயன்படும் பேச்சுச் சோதனை. நான் இதற்குத் திருக்குறளை வைத்துக்கொள்கிறேன். எல்லாக் குழந்தைக்கும் ஒரு குறளாவது தெரியும். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர். ஓடிக்கொண்டே ஒரு குறள் சொல்லச் சொல்வேன். முழுக் குறளையும் ஒரே மூச்சில் சொன்னால் 4-க்குள் இருக்கிறார். இரண்டு அடிகளுக்கு நடுவே ஒரு மூச்சு எடுத்தால் 5 அல்லது 6. முதலடியே இரண்டாக உடைந்தால் 7-க்கு மேல் போய்விட்டார். இது ஆய்வுக்கூட அளவு அல்ல. ஆனால் குழந்தை சொன்ன எண்ணைச் சரிபார்க்க மைதானத்தில் இதைவிடக் கைக்கெட்டும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ணைக் கற்பிக்க நான்கு பாடவேளைகள்

அளவுகோலை ஒட்டிவிட்டு உடனே எண் கேட்டால் குழந்தைகள் பக்கத்தில் இருப்பவர் சொன்ன எண்ணையே சொல்வார்கள். எண்ணுக்கும் உணர்வுக்கும் தொடர்பு ஏற்பட வேண்டும். அதற்கு நான்கு பாடவேளைகள் தேவைப்படுகின்றன.

முதல் பாடவேளை: சொற்களைச் சேகரித்தல். வேகமாக ஓடும்போது உடம்பில் என்ன தெரிகிறது என்று கேட்டு, குழந்தைகளின் சொற்களிலேயே கரும்பலகையில் எழுதுகிறேன். மூச்சு வாங்குது, மூச்சிரைக்குது, நெஞ்சு படபடக்குது, தொடை கடுக்குது, கெண்டைக்கால் இழுக்குது, விலாவில் பிடிக்குது, நாக்கு வறளுது. நம் மொழியில் இதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதைக் கேட்கவே வியப்பாக இருக்கும். ‘மூச்சு வாங்குகிறது’ வேறு, ‘மூச்சிரைக்கிறது’ வேறு, ‘மூச்சு அடைக்கிறது’ வேறு என்று பிரித்துக் காட்டுகிறேன். கடைசியாகச் சொன்னது எண்ணுக்குள் வராது. அது உடனே ஆசிரியரை அழைக்க வேண்டிய நிலை.

இரண்டாம் பாடவேளை: இரு முனைகளை உணர்தல். மர நிழலில் இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்தல், அதுதான் 0. பிறகு மெல்ல உடலைச் சூடாக்கி, 40 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் இரண்டு முறை ஓடுதல். அது 9-ஐ ஒட்டிய உணர்வு. எல்லாக் குழந்தையும் 10-ஐத் தொட வேண்டியதில்லை. “உன் வாழ்க்கையிலேயே மிக அதிகமாகக் களைத்த நாளை நினைத்துப் பார்; அதுதான் உன் 10” என்று சொன்னால் போதும். முழு வேக ஓட்டம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் குழந்தைக்கும் இந்த வழி பொருந்தும்.

மூன்றாம் பாடவேளை: நடுப்பகுதி. மெதுநடை, வேகநடை, மெல்லோட்டம், ஸ்கிப்பிங் என ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் செய்து, முடிந்த உடனே எண் கேட்டல். நின்று இளைப்பாறிய பிறகு கேட்டால் எண் குறைந்துவிடும்.

நான்காம் பாடவேளை: நாடியோடு ஒப்பிடுதல். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குதல். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது; அதற்கே ஒரு துடிப்பு உண்டு. எண் ஏற ஏறத் துடிப்பும் ஏறுவதை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் பார்க்கிறார்கள். தம் எண் பொய்யில்லை என்ற நம்பிக்கை அப்போதுதான் வருகிறது.

எண் கேட்கும் முறையும் முக்கியம். வாய்விட்டுச் சொல்லச் சொல்வதில்லை. “கண்ணை மூடு, நெஞ்சுக்கு நேரே விரல் காட்டு” என்கிறேன். 40 பேரின் எண்ணையும் பத்தே விநாடியில் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். யாருடைய எண்ணும் யாருக்கும் தெரியாது.

தொடக்க வகுப்புகளுக்கு

தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் வகுப்பாசிரியரே விளையாட்டுப் பாடவேளையையும் நடத்துகிறார். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பத்து எண் தேவையில்லை. மூன்று படிகள் கொண்ட படம் போதும். ஒரு தென்னை மரம் வரைந்து, அடியில் நிற்கும் பிள்ளை, பாதியில் ஏறும் பிள்ளை, குலையைத் தொடும் பிள்ளை என மூன்று நிலை காட்டலாம். “நீ இப்போ மரத்துல எங்க இருக்க?” என்று கேட்டால் குழந்தை விரலால் தொட்டுக் காட்டும். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் அதே மரத்தில் 0 முதல் 10 வரை எண்களை எழுதிக்கொள்ளலாம். சிறு குழந்தைகள் ‘பிடிக்கவில்லை’ என்பதையும் ‘சிரமமாக இருக்கிறது’ என்பதையும் குழப்பிக்கொள்வது இயல்பு. ஆகவே சிரித்த முகம், அழும் முகம் கொண்ட படங்களைத் தவிர்ப்பது நல்லது. அவை சிரமத்தைக் கேட்பதற்குப் பதில் மகிழ்ச்சியைக் கேட்கும்.

எண் கொடுத்து ஓடச் சொல்லுதல்

இதுவரை சொன்னது ஓடிய பின் எண் கேட்பது. இதைத் திருப்பிப் போடுவதில்தான் உண்மையான பலன் இருக்கிறது. தூரத்தைச் சொல்லாமல் எண்ணையும் நேரத்தையும் சொல்லிவிடுவது: “ஆறு நிமிடம். எண் 5. தொடங்கலாம்.”

இப்படிச் சொன்ன நாளில் மைதானத்தில் ஒரு மாற்றம் தெரியும். சுற்றுக் கணக்கில் ஓடும்போது முடித்தவர்கள் ஓரமாக நின்று, கடைசியாக ஓடி வருபவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் கைதட்டுவார்கள், சிலர் சிரிப்பார்கள். உடல் எடை கூடிய குழந்தைகளும் மெதுவாக ஓடும் குழந்தைகளும் பி.டி. பீரியட் என்றாலே வயிற்றுவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துகொள்வதற்கு அந்தச் சில நிமிடங்களே காரணமாகிவிடும். நேரக் கணக்கில் ஓடும்போது எல்லாரும் ஒரே விநாடியில் தொடங்குகிறார்கள், ஒரே விநாடியில் நிற்கிறார்கள். கடைசி என்று ஒருவர் இல்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று சுமார் 150 மீட்டர். ஏழாம் வகுப்பில் எண் 5-இல் ஆறு நிமிடம் ஓடச் சொன்னால், சிலர் நான்கு சுற்று நடையும் ஓட்டமுமாகச் செல்வார்கள், சிலர் ஏழு சுற்று ஓடுவார்கள். இருவருக்கும் உடலில் கிடைக்கும் பயிற்சியின் கடுமை ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொருவரும் தம் சுற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஆறேழு வாரம் கழித்து, அதே எண் 5-இல், நான்கு சுற்றுப் போன குழந்தை ஐந்து சுற்றுப் போகும்போது அது தெளிவான முன்னேற்றம். அதே சிரமத்தில் கூடுதல் தூரம் என்பதுதான் உடல்தகுதி வளர்வதன் பொருள். இதில் குழந்தை தன்னோடு மட்டுமே போட்டியிடுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. மாதவிடாய் நாளில் இருக்கும் மாணவி “இன்னிக்கு நான் 3-இல் போறேன் சார்” என்று சொல்லலாம். காரணம் கேட்கப்படாது என்பது வகுப்பு விதி. ஓரமாக உட்கார வேண்டியதில்லை. பங்கேற்றுக்கொண்டே தன் உடலுக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கும் அதே எண்தான், இயக்கம் மட்டும் வேறு. கையால் சக்கரத்தைத் தள்ளி எண் 5-இல் ஆறு நிமிடம் செல்வது, மற்றவர் எண் 5-இல் ஓடுவதற்குச் சமமான பாடம்.

எண் பொருந்தாதபோது

எல்லா எண்ணும் நேர்மையாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களில் சிலர் மூச்சிரைக்க நின்றுகொண்டு “ரெண்டுதான் சார்” என்பார்கள். களைப்பைச் சொல்வது கௌரவக் குறைவு என்ற எண்ணம். வேறு சிலர் வேலையைக் குறைத்துக்கொள்ள நடக்கும்போதே 9 காட்டுவார்கள். இரண்டுக்கும் நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே: எண்ணைக் கண்டிப்பதில்லை, சரிபார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். “சரி, ஒரு குறள் சொல்லு, நாடியைப் பாரு, பிறகு மறுபடி எண் சொல்லு” என்றால் பெரும்பாலும் அவர்களே திருத்திக்கொள்வார்கள். திருத்தாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே நாளின் எண்ணைக் கொண்டு முடிவெடுக்க வேண்டியதில்லை.

இரண்டு செயல்களை மட்டும் நாம் செய்யக் கூடாது. எண்ணுக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. எண்ணை வகுப்பின் முன் படிக்கக் கூடாது. இந்த இரண்டில் எதைச் செய்தாலும் அடுத்த நாளிலிருந்து குழந்தை தன் உடலைப் பார்த்து எண் சொல்லாது. நம் முகத்தைப் பார்த்துச் சொல்லும்.

தொடர்ந்து உயர்ந்து நிற்கும் எண்

சிரம எண்ணின் மதிப்பை எனக்கு ஆழமாக உணர்த்தியவர் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர். அமைதியானவர். ஓட்டம் என்றால் பாதியில் நடக்கத் தொடங்கிவிடுவார். தோழிகள் அவரை ‘சோம்பேறி’ என்று கிண்டல் செய்வதும் உண்டு. பத்து நிமிட வேகநடைக்கு வகுப்பில் பெரும்பாலோர் 3 அல்லது 4 காட்டியபோது அவர் 7 காட்டினார். அடுத்த வாரமும் 7. அதற்கடுத்த வாரம் 8. நாடி பார்த்தபோது மற்றவர்களுக்கு 15 விநாடியில் 27, 28 துடிப்புகள் இருக்க, அவருக்கு 36 இருந்தது. நடையில் அவர் சோம்பல் காட்டவில்லை. மற்றவர்கள் நடக்கும்போது அவருடைய உடல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வார எண்களையும் குறிப்பேட்டோடு வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். அவர் அம்மாவை அழைத்துப் பேசினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இரத்தசோகை என்று தெரிந்தது. மருத்துவர் சொன்னபடி மாத்திரையும் உணவு மாற்றமும் தொடர்ந்தன. சுமார் மூன்று மாதம் கழித்து அதே பத்து நிமிட வேகநடைக்கு அவர் காட்டிய எண் 4. கண்ணைத் திறந்தபின் தன் விரல்களைத் தானே இன்னொரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

இது அரிதான நிகழ்வு அல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறையும்போது தசைகளுக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. சிறு வேலையும் பெரும் சிரமமாகிறது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை யார் விழுங்குகிறார், யார் மறைத்துவைக்கிறார் என்பதில் நாம் காட்டும் அக்கறைக்கும் மைதானத்தில் தெரியும் எண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிரம எண் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. உயர்ந்த எண்ணுக்கு ஆஸ்துமா, தூக்கமின்மை, பசி, மன அழுத்தம் என்று பல காரணங்கள் இருக்கலாம். விடியற்காலையில் செய்தித்தாள் போட்டுவிட்டு வரும் மாணவனின் எண் திங்கள் முதல் சனி வரை உயர்ந்தே இருக்கும். அவனுக்கு வேண்டியது ஓய்வு. எண் நமக்குச் சொல்வது ‘இந்தக் குழந்தையிடம் பேசு’ என்பதை மட்டும்தான். பேசிய பிறகு தேவையானால் பெற்றோரிடமும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்வது நம் கடமை.

சில நேரங்களில் எண்ணே கேட்கக் கூடாது. நெஞ்சு வலிக்கிறது, கண் இருட்டுகிறது, தலை சுற்றுகிறது, மூச்சு அடைக்கிறது என்று குழந்தை சொன்னால் உடனே நிறுத்தி, நிழலில் அமர்த்தி, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மூச்சில் விசில் சத்தம் கேட்டாலும் அப்படியே.

வெயிலும் எண்ணும்

ஜூன், ஜூலை மாதங்களில் மதியப் பாடவேளை நமக்குப் பழக்கமான சிக்கல். வெயிலில் உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குக் கூடுதலாகப் போகிறது. வியர்வையில் நீர் குறைகிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. வழக்கமாக 5 காட்டும் மெல்லோட்டத்துக்கு அன்று வகுப்பில் பாதிப்பேர் 7 காட்டினால், நான் வேகத்தைக் குறைப்பதோ நிழல் விளையாட்டுக்கு மாறுவதோ வழக்கம். தண்ணீர் இடைவேளையும் கூடும். வெப்பமானி இல்லாத மைதானத்தில் 40 குழந்தைகளின் விரல்களே வெப்பமானி.

பிற பாடங்களோடு இணைத்தல்

சிரம எண் உடற்கல்வி ஆசிரியருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. ஒரு வாரம் சேர்த்த எண்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்குச் சராசரி, இடைநிலை அளவு, முகடு கற்பிக்கக் கிடைத்த உயிருள்ள தரவு. பெயர் இல்லாமல் எண்களை மட்டும் கொடுத்தால் போதும். எண்ணை ஓர் அச்சிலும் நாடித்துடிப்பை இன்னோர் அச்சிலும் வைத்து வரைபடம் வரையலாம். அறிவியல் ஆசிரியர் சுவாசமும் இரத்த ஓட்டமும் நடத்தும் நாளில் வகுப்பை ஐந்து நிமிடம் வெளியே அழைத்து வரலாம். தமிழாசிரியருக்கு மூச்சையும் களைப்பையும் குறிக்கும் வட்டாரச் சொற்களின் பட்டியல் காத்திருக்கிறது.

போட்டிக்குத் தயாராகும் அணிக்கு

குறுவட்டப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஆர்வத்தால் பயிற்சி திடீரென்று கூடிவிடும். காயங்களும் அப்போதுதான் வரும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பயிற்சி முடிந்து சுமார் அரை மணி நேரம் கழித்து “இன்றைய பயிற்சி மொத்தத்தில் எத்தனை?” என்று கேட்டு, அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிடக் கபடிப் பயிற்சிக்கு எண் 6 என்றால் அன்றைய சுமை 360. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறை இது. வாரச் சுமையைக் கூட்டிப் பார்த்தால், சென்ற வாரம் 1,200 இருந்தது இந்த வாரம் 2,400 ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும். அப்படியானால் ஒரு நாள் ஓய்வு கொடுப்பதே நல்ல பயிற்சி.

தொடங்க விரும்புவோருக்கு

ஒரு வகுப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஓர் அட்டையில் 0 முதல் 10 வரை எழுதி மாட்டுங்கள். நான்கு பாடவேளை எண்ணைக் கற்பியுங்கள். ஐந்தாம் பாடவேளையிலிருந்து தூரத்தைச் சொல்லாமல் எண்ணையும் நேரத்தையும் சொல்லிப் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் வகுப்பின் பொதுவான எண்ணையும், அதிலிருந்து மூன்று எண்ணுக்குமேல் விலகி நிற்பவரையும் மட்டும் எழுதி வாருங்கள். எல்லாருடையதையும் எழுத நேரம் இருக்காது. தொடர்ந்து மூன்று வாரம் ஒரே பெயர் வந்தால், அந்தக் குழந்தையைத் தனியே அழைத்து, “சாப்பிட்டாயா? நல்லாத் தூங்கினாயா?” என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

பள்ளியை விட்டுப் போன பிறகு நம் மாணவர்களுக்கு உடற்கல்வி ஆசிரியர் இருக்க மாட்டார். தம் உடல் சொல்வதைக் கேட்டு, எப்போது கூட்டலாம், எப்போது குறைக்கலாம் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கான பழக்கத்தை, விரல் காட்டத் தெரிந்த வயதிலேயே நாம் கொடுத்துவிட முடியும்.